தலைக்கு ஒயர், கைக்குக் கரண்ட், தசைக்கு ஊசி: நரம்புச் சோதனைக்குப் போகுமுன்

நரம்பியல் டாக்டர் சீட்டில் ஈஈஜி என்றோ, என்சிஎஸ், ஈஎம்ஜி என்றோ எழுதிக் கொடுக்கிறார். அந்தச் சீட்டு மதுரை பனகல் ரோட்டைத் தாண்டி, பஸ் ஏறி, உசிலம்பட்டிக்கோ நத்தத்துக்கோ போய்ச் சேர்வதற்குள் "தலைக்குக் கரண்ட் வைக்கப் போறாங்களாம்" என்று தெருவுக்கே தெரிந்துவிடுகிறது. சோதனை நாளன்று ஒருவரைக் கூட்டிக்கொண்டு நாலு பேர் வருகிறார்கள். நாலு பேர் முகத்திலும் கலக்கம். மதுரையில் இந்தச் சோதனைகளை எடுக்கும் அறையில் நான் டெக்னீசியனாக இருக்கிறேன். வருகிறவர்களின் பயத்தில் முக்கால்வாசி, என்ன நடக்கும் என்று யாரும் உட்கார்ந்து சொல்லாததால் வருவது என்பது என் திடமான எண்ணம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூளையும் நரம்பும் தசையும் மின்சாரத்தில்தான் வேலை செய்கின்றன. உடம்பே உண்டாக்கும் மிக நுண்ணிய மின்சாரம் அது. சில சோதனைகள் அந்த மின்சாரத்தைக் கேட்பதோடு நின்றுவிடும். சில சோதனைகள் ஒரு சின்னத் தூண்டல் கொடுத்து, பதில் வருகிறதா, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று பார்க்கும். தலையில் ஒயர் ஒட்டி எடுக்கும் ஈஈஜி, கேட்கிற சோதனை. ஊசி வைத்து எடுக்கும் ஈஎம்ஜியும் கேட்கிற சோதனைதான். வெளியிலிருந்து கரண்ட் கொடுப்பது என்சிஎஸ்ஸில். அதுவும் பெரும்பாலும் கை கால் தோலின் மேல். மூளைக்குள் கரண்ட் செலுத்தும் சோதனை நான் இங்கே சொல்லப்போவதில் ஒன்றுகூடக் கிடையாது.

"எம்ஆர்ஐ எடுத்தாச்சே, அப்புறம் இது எதுக்கு?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி, அவ்வளவு காசும் அலைச்சலும் ஆன பிறகு கேட்காமல் இருக்க முடியாது. வீட்டுச் சுவருக்குள் ஒயர் எந்தப் பாதையில் போகிறது என்று போட்டோ எடுத்துப் பார்க்கலாம். அதில் கரண்ட் ஓடுகிறதா என்று தெரிய டெஸ்டர் வைத்தாக வேண்டும். ஸ்கேன் காட்டுவது உருவம். இந்தச் சோதனைகள் காட்டுவது ஓட்டம். வலிப்பு வருகிற பலருக்கு எம்ஆர்ஐ சுத்தமாக இருக்கும். சர்க்கரை நோயால் கால் நரம்பு கெட்டுப்போனவருக்கு முதுகு ஸ்கேனில் அது தெரியவே தெரியாது.

தலைக்கு ஒயர்

மனித மூளையின் மின்னலையை முதன்முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் ஜெனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். பதிவு செய்தது 1924-இல். தானே பல தடவை சரிபார்த்துவிட்டு 1929-இல்தான் வெளியிட்டார். அந்தத் தயக்கம் புரிந்துகொள்ளக்கூடியது. மண்டையோட்டைத் தாண்டித் தலைத்தோலில் கிடைக்கும் அந்த மின்சாரம் பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோவோல்ட்தான். ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் கூறாகப் போட்டால் ஒரு கூறு, ஒரு மைக்ரோவோல்ட். சுவர்க் கடிகாரத்தில் போடுகிற பேட்டரி ஒன்றரை வோல்ட் என்பதை நினைத்துக்கொண்டால் இது எவ்வளவு மெல்லியது என்று தெரியும். பல்லைக் கடித்தாலும், கண்ணைச் சிமிட்டினாலும், ஒயரைத் தொட்டாலும் அந்தச் சத்தத்தில் மூளையின் அலை மறைந்துவிடும். ஆடாமல் படுங்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காக. செல்போனை வெளியில் கொடுத்துவிட்டு வரச் சொல்வதும் இதற்காகத்தான்.

அதனால்தான் தலையில் எண்ணெய் இருக்கக் கூடாது என்கிறோம். நம் ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் தலைக்கு எண்ணெய் தடவி, வழித்துச் சீவி, பூ வைத்துக் கிளம்புவதுதான் முறை. ஈஈஜிக்கு மட்டும் அந்த முறை வேண்டாம். முதல் நாள் ராத்திரியோ அன்று காலையிலோ ஷாம்பு போட்டு அலசி, காயவைத்து, எண்ணெயும் ஜெல்லும் இல்லாமல் வாருங்கள். ஜடையை இறுக்கிப் பின்ன வேண்டாம். மல்லிகைப் பூவைச் சோதனை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். முடியை வெட்டுவதோ மழிப்பதோ கிடையாது. பொம்பளைப் பிள்ளைகளைக் கூட்டிவரும் அம்மாக்கள் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

வெறும் வயிற்றோடு வராதீர்கள். ரத்தப் பரிசோதனைப் பழக்கத்தில் விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் மேலூரிலிருந்து வந்து நிற்கிறவர்கள் உண்டு. பசியில் ரத்தச் சர்க்கரை இறங்கினால் மூளை அலையும் மாறும். நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு வாருங்கள். காபி, டீயை மட்டும் அன்றைக்கு விட்டுவிடுங்கள். குழந்தைக்குத் தூக்க மருந்து கொடுத்து எடுப்பதாக இருந்தால் சாப்பாடு, பால் பற்றித் தனியாகச் சொல்லி அனுப்புவார்கள்; அப்போது அதைத்தான் கேட்க வேண்டும்.

வலிப்பு மாத்திரை விஷயத்தில் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது ஒன்று. டாக்டர் தன் வாயால் "நிறுத்துங்கள்" என்று சொன்னாலொழிய நிறுத்தாதீர்கள். சோதனை சரியாக வரட்டும் என்று வீட்டிலேயே முடிவெடுத்து இரண்டு வேளை மாத்திரையை விட்டுவிட்டு வருகிறார்கள். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு தொடர்ந்து, நிற்காமல் வரலாம். அது உயிருக்கே ஆபத்து.

சிலருக்குத் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு வரச் சொல்வார்கள். எத்தனை மணிக்குப் படுக்க வேண்டும், எத்தனை மணிக்கு எழுப்பிவிட வேண்டும் என்று சீட்டிலேயே இருக்கும். தூக்கம் கெட்ட மூளையிலும், தூக்கத்துக்குள் நழுவும் அந்த நேரத்திலும் வலிப்பின் தடயம் வெளிப்பட வாய்ப்பு அதிகம். இதில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. ராத்திரி முழுக்கக் கஷ்டப்பட்டுக் கண் விழித்த பிள்ளை, பேரையூரில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் தூங்கிப்போகிறது. அந்த ஒரு மணி நேரத் தூக்கத்தில் ராத்திரிப் பாடு அத்தனையும் வீணாகும். கூட வருகிறவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். திரும்பும்போது பஸ்ஸில் தாராளமாகத் தூங்கட்டும். பைக்கை மட்டும் அவர் ஓட்டக் கூடாது.

அறைக்குள் வந்ததும் கட்டிலில் படுக்க வைத்து, டேப்பால் தலையை அளப்போம். மூக்கின் மேல்குழி முதல் பிடரி எலும்பு வரை, ஒரு காது முதல் மறு காது வரை அளந்து, குறிப்பிட்ட விகிதத்தில் புள்ளி வைத்து, இருபதுக்குச் சற்று கூடுதலாகச் சின்னச் சின்ன வட்டத் தகடுகளை பேஸ்ட் வைத்து ஒட்டுவோம். எந்த நாட்டில் எடுத்தாலும் இந்த இடங்கள் ஒன்றுதான், அதனால் இங்கே எடுத்த பதிவை எங்கே இருக்கும் டாக்டரும் படிக்கலாம். ஒட்டுமுன் தோலைக் கொஞ்சம் தேய்ப்போம். அந்த உரசல்தான் ஒட்டுவதில் இருக்கிற ஒரே அசௌகரியம். பதிவு ஓடுவது 20 முதல் 30 நிமிடம். ஒட்டி, எடுத்து, துடைத்து முடிக்க ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் கண்ணை மூடு, திற என்போம். கண்ணை மூடியதும் பின்மண்டையில் ஒரு விநாடிக்கு 8 முதல் 13 வரை ஏறி இறங்கும் ஒரு சீரான அலை எழும், திறந்ததும் அடங்கும். பெர்கர் முதலில் கண்டது இதைத்தான். திரையில் அது எழுவதைப் பார்க்க எனக்கு இன்றுவரை சலிக்கவில்லை.

பிறகு மூன்று நிமிடம் வேகமாக, ஆழமாக மூச்சு விடச் சொல்வோம். வாயைச் சுற்றி மதமதப்பும், விரலில் சுருசுருப்பும், லேசான கிறுகிறுப்பும் வரும். நிறுத்திய கொஞ்ச நேரத்தில் போய்விடும். இதயநோய், கடுமையான ஆஸ்துமா இருப்பவர்களும், சமீபத்தில் பக்கவாதம் வந்தவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் இதைத் தவிர்த்துவிடுவோம். அதன்பின் மூடிய கண்களுக்கு முன்னால் ஒரு விளக்கு, மெதுவாகவும் வேகமாகவும் மின்னி மின்னி அணையும். இந்த இரண்டும் எதற்கு? பதுங்கியிருக்கும் வலிப்பை லேசாகச் சீண்டிப் பார்க்க. குறிப்பாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வரும் ஒருவகை வலிப்பில் கையும் காலும் இழுக்காது. சில விநாடி வெறித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி பிள்ளை எழுதிக்கொண்டிருக்கும். "பாடம் நடத்துறப்ப பராக்குப் பாக்குறான்னு டீச்சர் சொல்றாங்க" என்று கூட்டி வருவார்கள். நாங்கள் ஒரு காகிதக் காற்றாடியைக் கொடுத்து, "விடாம ஊது பாப்போம்" என்போம். ஊதிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை ஒரு நொடி உறைந்து நிற்கும். திரையில் விநாடிக்கு மூன்று என்ற கணக்கில் கூர்முனை அலைகள் வரிசைகட்டும். அத்தனை நாளாகத் திட்டு வாங்கிய பிள்ளைக்கு அன்றைக்குத்தான் நியாயம் கிடைக்கும். இந்த வலிப்புக்கு நல்ல மருந்து உண்டு; பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளர விட்டும் போகும்.

முடிவு நார்மல் என்று வந்தால்? இங்கேதான் ரொம்பப் பேர் தடுமாறுகிறார்கள். வலிப்பு உறுதியாக இருக்கிறவர்களிலேயே முதல் ஈஈஜியில் தடயம் சிக்குவது ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான். வலிப்பு இல்லாத நேரத்தில் அரை மணி நேரம் கேட்டோம், அந்த அரை மணியில் மூளை அமைதியாக இருந்தது, அவ்வளவுதான் அதன் பொருள். அதை வைத்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. திரும்ப எடுத்தாலோ, தூக்கத்தோடு எடுத்தாலோ, வீடியோவோடு மணிக்கணக்கில் எடுத்தாலோ பிடிபடலாம். இதையெல்லாம்விட டாக்டருக்கு உதவுவது நீங்கள் செல்போனில் எடுக்கிற வீடியோ. வலிப்பு வரும்போது ஒருவர் ஆளை ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் முகமும் கையும் காலும் தெரிகிற மாதிரி எடுக்கட்டும். கையில் சாவியும் கம்பியும் திணிக்கிற நேரத்தை இதற்குக் கொடுங்கள். இரும்பு வலிப்பை நிறுத்தாது. வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானாகவே நிற்கும். ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

குமரிப் பிள்ளைக்கு எடுக்க வரும்போது, அப்பத்தா ஒருவர் ஓரமாகக் கூப்பிட்டு, "ஏத்தா, இது எதுலயும் பதிவாகிருமா? நாளைக்கு நல்லது கெட்டதுன்னா…" என்று கேட்பார். அந்தப் பதிவு நோயாளிக்கும் அவரது மருத்துவருக்கும் உரியது. சட்டமும் மாறிவிட்டது. வலிப்பைத் திருமணத்துக்குத் தடையாக வைத்திருந்த சொற்களை இந்துத் திருமணச் சட்டத்திலிருந்தும் சிறப்புத் திருமணச் சட்டத்திலிருந்தும் 1999-இல் எடுத்துவிட்டார்கள். இதை அந்த அப்பத்தாக்களுக்குச் சொல்வதும் என் வேலையில் சேர்ந்தது என்றே நினைக்கிறேன்.

கைக்கும் காலுக்கும் கரண்ட்

நடுராத்திரியில் கை மரத்துப்போய் விழிப்பு வருகிறது, உதறினால் சரியாகிறது. பூ கட்டுகிறவர்கள், சுங்குடிக்கு முடிச்சுப் போடுகிறவர்கள், நாள் முழுக்க மாவு பிசைகிறவர்கள் இப்படிச் சொல்லிக்கொண்டு வருவார்கள். சர்க்கரை நோய்க்காரர் ஒருவர், "செருப்பு கழண்டு விழுந்ததுகூடத் தெரியலைங்க, பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்கு" என்பார். நாளெல்லாம் குத்துக்காலிட்டுக் களை பறித்த அம்மாவுக்கு மறுநாள் காலையில் பாதம் தூக்க வரவில்லை. முழங்காலுக்குப் பக்கவாட்டில் எலும்போடு ஒட்டிப் போகிற நரம்பு அமுங்கிவிட்டது. முழங்கையில் நரம்பு தடித்து, சுண்டுவிரல் மடங்கிப்போனவர்களில் சிலருக்குத் தொழுநோய் இருக்கலாம். மருந்தால் முழுதும் குணமாகிற நோய் அது, சீக்கிரம் கண்டுபிடித்தால் கையைக் காப்பாற்றலாம். இவர்களுக்கெல்லாம் எழுதப்படுவதுதான் என்சிஎஸ், நரம்பின் ஓட்டத்தை அளக்கும் சோதனை.

சுவருக்குள் போகும் ஒயர் என்று மேலே சொன்ன உவமை இங்கே இன்னும் நன்றாகப் பொருந்தும். நரம்புக்குள் செம்புக் கம்பி மாதிரி ஒரு இழை. அதைச் சுற்றி மேலுறை. மேலுறை தேய்ந்தால் செய்தி போய்ச் சேரும், ஆனால் தாமதமாகும். உள்ளே இழையே அறுந்தால், போகிற செய்தியின் அளவே குறையும். இரண்டையும் பிரித்துச் சொல்வதுதான் இந்தச் சோதனையின் பலம். ஏனென்றால் இரண்டுக்கும் காரணங்கள் வேறு, ஆறுகிற காலமும் வேறு. மேலுறை திரும்ப வளர வாரங்களும் மாதங்களும் ஆகும். அறுந்த இழை ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற அளவில்தான் வளர்ந்து வரும்.

கணக்கு எளிது. மணிக்கட்டில் ஒரு தூண்டல், முழங்கையில் ஒரு தூண்டல். இரண்டுக்கும் கட்டைவிரல் மேட்டுத் தசையில் பதில் வருகிறது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை 22 சென்டிமீட்டர் என்று டேப் காட்டுகிறது. இரண்டு பதில்களுக்கும் நடுவில் 4 மில்லிவிநாடி வித்தியாசம் என்று கருவி காட்டுகிறது. வகுத்தால் விநாடிக்கு 55 மீட்டர். கை நரம்புக்குப் பொதுவாக 50-க்கு மேலும், கால் நரம்புக்கு 40-க்கு மேலும் இருந்தால் நல்ல வேகம். நரம்பின் வேகத்தை அளக்கவே முடியாது என்று பெரிய அறிஞர்கள் நினைத்திருந்த காலத்தில், 1850-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒரு தவளையின் நரம்பில் அளந்து காட்டினார். அவர் செய்ததும் சாராம்சத்தில் இதே கழித்தல் கணக்குதான்.

வலிக்குமா? உள்ளதைச் சொல்கிறேன். சுண்டி விடுகிற மாதிரி இருக்கும், விரலோ பாதமோ தானாகத் துள்ளும். முதல் தூண்டல் திடுக்கிட வைக்கும். ஒவ்வொரு தூண்டலும் நீடிப்பது ஒரு விநாடியின் பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நேரம்தான். சின்னதாக ஆரம்பித்து, பதில் முழுதாக வரும்வரை கூட்டுவோம். அந்தக் கடைசித் தூண்டல் சற்றுப் பலமாக இருக்கும். நிறுத்தச் சொன்னால் நிறுத்துவோம். "கொஞ்சம் பொறுங்க, மூச்சு வாங்கிக்கிறேன்" என்று சொல்ல யாரும் கூச்சப்பட வேண்டாம். வீட்டுச் சுவிட்சில் அடிக்கிற ஷாக்குக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. முடிந்த பிறகு உடம்பில் எதுவும் தங்குவதில்லை. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். நல்ல கையிலும் தூண்டல் கொடுப்பார்கள், ஒப்பிட்டுப் பார்க்க.

இந்தச் சோதனைக்கு வரும்போது தைலம் வேண்டாம். கால் வலிக்கிறதென்று முட்டியிலிருந்து பாதம்வரை தைலமோ வலிக்களிம்போ பூசிக்கொண்டு வருகிறார்கள். எலக்ட்ரோடு என்கிற பதிவுத் தகடு ஒட்டுவதில்லை, துடைத்துத் துடைத்துப் பாதி நேரம் போகிறது. குளித்துவிட்டு எதுவும் தடவாமல் வாருங்கள். மோதிரம், வளையல், கொலுசு, வாட்ச்சைக் கழற்ற வேண்டியிருக்கும். தாலியைக் கழற்றச் சொல்வதில்லை. முழங்காலுக்கு மேல் ஏற்றிவிடக்கூடிய தளர்ந்த உடை நல்லது. கை சில்லிட்டிருந்தால் நரம்பு மெதுவாகத்தான் ஓடும், தோலின் சூடு ஒரு டிகிரி குறைந்தால் விநாடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர் குறைந்துவிடும். மார்கழிக் காலையில் பைக்கில் வந்தவரை உடனே ஏசி அறையில் படுக்கவைத்து எடுத்தால் இல்லாத நோயைக் காட்டும். அதனால் வெந்நீரில் கையை வைக்கச் சொன்னால் பொறுமையாக வையுங்கள். நெஞ்சில் பேஸ்மேக்கரோ டிஃபிப்ரிலேட்டரோ இருந்தால் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

உள்ளங்கால் எரிகிறது, சோதனை நார்மல் என்று வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. எரிச்சலையும் சூட்டையும் கடத்துகிற மிக மெல்லிய இழைகளை இந்தக் கருவியால் அளக்க முடியாது; பருத்த இழைகளைத்தான் அது பார்க்கும். சர்க்கரை நோயில் மெல்லிய இழைகள் முதலில் கெடுவது உண்டு. ஆகவே "ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்ல, சும்மா சொல்றார்" என்று வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. அந்த எரிச்சல் உண்மை.

தசைக்குள் ஊசி

பலர் என்சிஎஸ்ஸையும் ஈஎம்ஜியையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள், ஒரே நாளில் அடுத்தடுத்து எடுப்பதால். ஈஎம்ஜியை டாக்டரே எடுப்பார். இதற்கான ஊசி, ரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லியது. அதன் வழியாக மருந்தும் போகாது, கரண்டும் போகாது. அது ஒரு மைக். தசைக்குள் வைத்து, ஸ்பீக்கரில் கேட்பார்கள். ஓய்வாக இருக்கும் நல்ல தசையில் சத்தமே இருக்காது. லேசாக மடக்கச் சொன்னால் டப், டப் என்று தனித்தனியாகக் கேட்கும். பலமாக மடக்கினால் சத்தங்கள் ஒன்றோடொன்று கலந்து இரையும். நரம்புத் தொடர்பு அறுந்த தசை ஓய்விலும் சும்மா இருக்காது, தானாகப் பொரிந்துகொண்டிருக்கும். கோளாறு தசையிலேயே இருந்தால் சத்தங்கள் சிறுத்து, பொடிப்பொடியாக வரும். திரையில் வரைபடமும் ஓடும், ஆனால் அனுபவப்பட்ட டாக்டர் காதை நம்புவதைப் பார்த்திருக்கிறேன்.

குத்தும்போது வலிக்கும், தசையை அசைக்கும்போது ஆழமாக ஒரு கடுப்பு இருக்கும். ஒரே தசையில் முடியாது, நாலைந்து இடம் பார்ப்பார்கள். எந்த நரம்பு, எந்த மட்டத்தில் என்று வலையை இறுக்கிக்கொண்டே வருவது அப்படித்தான். தளர்த்துங்கள் என்று சொல்லும்போது உண்மையிலேயே தளர்த்திவிட்டால் சீக்கிரம் முடியும். பயத்தில் விறைத்துக்கொண்டால் இன்னொரு தடவை கேட்க வேண்டி வரும். ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியை இன்னொருவருக்குப் பயன்படுத்தக் கூடாது. புது ஊசியை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லிக் கேட்கலாம், அது உங்கள் உரிமை. ஒன்றிரண்டு நாள் வலி, சின்னக் கன்றல் இருக்கும். வீங்கிச் சிவந்தால் காட்டுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதன் பெயரைச் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிட்டு வராதீர்கள். சிபிகே என்ற, தசைக்கான ரத்தப் பரிசோதனை எழுதியிருந்தால் அதை ஊசிக்கு முன்னால் கொடுத்துவிடுங்கள். ஊசி பட்ட தசையால் அந்த அளவு சற்று ஏறிக் குழப்பும். மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் ஒரு கை வீங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

அடிபட்டவர்கள் விஷயத்தில் அவசரம் உதவாது. நாலு வழிச் சாலையில் பைக்கிலிருந்து விழுந்து, தோள் நரம்பு இழுபட்டு, கை தொங்கிப்போன பையனை மறுநாளே கூட்டிவந்து "இப்பவே எடுத்துச் சொல்லுங்க" என்பார்கள். நரம்பு அறுந்ததன் அடையாளம் தசையில் முழுதாக வெளிப்பட இரண்டிலிருந்து மூன்று வாரம் ஆகும். அதற்கு முன் எடுத்தால் பாதி உண்மைதான் கிடைக்கும். மூன்று வாரம் கழித்து வாருங்கள் என்று டாக்டர் சொன்னால் தட்டிக்கழிக்கிறார் என்று நினைக்க வேண்டாம்.

சாயங்காலமானால் இமை தொங்குகிறது, பேசப் பேசக் குரல் மங்குகிறது, சோற்றை மென்று முடிக்குமுன் தாடை ஓய்கிறது என்பவர்களுக்கு இன்னொரு சோதனை இருக்கிறது. நரம்பும் தசையும் சேரும் இடத்தைப் பார்க்க, விநாடிக்கு மூன்று தூண்டல் என்ற கணக்கில் தொடர்ந்து கொடுப்பார்கள். நல்ல தசையின் பதில் குறையாமல் நிற்கும். மயஸ்தீனியா என்ற தசைத் தளர்ச்சி நோயில் முதல் பதிலைவிட நாலாவது, ஐந்தாவது பதில் பத்து சதவீதத்துக்கு மேல் சரியும். அதற்கான மாத்திரையைச் சாப்பிடுகிறவர் சோதனையன்று எத்தனை மணி நேரம் விட வேண்டும் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மூச்சு விடவோ விழுங்கவோ சிரமம் உள்ளவர் டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடக் கூடாது.

கண்ணுக்கும் காதுக்கும் எடுப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், அதில் வலியே இல்லை. விஇபியில், கருப்பு வெள்ளைக் கட்டங்கள் மாறி மாறி வரும் திரையைப் பார்க்க வேண்டும்; கண்ணில் பட்டது பின்மூளைக்குச் சேர ஏறக்குறைய 100 மில்லிவிநாடி ஆகும். கண் நரம்பின் மேலுறை கெட்டிருந்தால் அது தள்ளிப்போகும். கண்ணாடி போடுகிறவர் கண்ணாடியோடு வாருங்கள். பெரா, காதில் கிளிக் கிளிக் என்று சத்தம் கொடுத்து மூளைத்தண்டுவரை போகிறதா என்று பார்ப்பது. பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று அதனால் சொல்ல முடியும். குழந்தை தூங்க வேண்டும். வழியில் தூங்கவிடாமல், அறைக்கு வந்ததும் பாலைக் கொடுத்துத் தூங்க வையுங்கள்.

பிள்ளைகளை எந்தச் சோதனைக்குக் கூட்டிவந்தாலும் "ஊசி போடமாட்டாங்க, ஒண்ணுமே பண்ணமாட்டாங்க" என்று பொய் சொல்லிக் கூட்டிவராதீர்கள். ஈஈஜியா, "தலைல ஸ்டிக்கர் ஒட்டுவாங்க, படுத்திருந்தா போதும்" என்று சொல்லுங்கள். என்சிஎஸ்ஸா, "சுண்டுற மாதிரி இருக்கும், நான் கையைப் பிடிச்சுக்கிறேன்" என்று சொல்லுங்கள். உள்ளதைக் கேட்டு வந்த பிள்ளை அழுதாலும் ஒத்துழைக்கிறது. ஏமாந்து வந்த பிள்ளை அடுத்த தடவை ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காது.

முடிந்ததும் தலையில் இருக்கிற பேஸ்ட் வெந்நீரில் அலசினால் போய்விடும். டாக்டர் சொல்லி விட்ட சாப்பாடோ மாத்திரையோ இருந்தால், அதை அப்போது எடுத்துக்கொள்ளலாம். டெக்னீசியனிடம் "என்ன வந்துருக்கு?" என்று கேட்டால் சொல்லமாட்டார், ஒளிப்பதற்காக இல்லை. பதிவைப் படித்து, உங்கள் கதையோடும் உடம்பைத் தொட்டுப் பார்த்ததோடும் சேர்த்து முடிவு சொல்வது டாக்டரின் வேலை. அவரிடம் திரும்பப் போகும்போது கடைசித் தாளில் இருக்கும் ஒரு வரி முடிவை மட்டும் எடுத்துப் போகாமல், எண்களும் அலைகளும் இருக்கிற எல்லாத் தாளையும் கொண்டுபோங்கள். ஆறு மாதம் கழித்து அதே நரம்பைத் திரும்ப எடுக்கும்போது, அது தேறுகிறதா, இன்னும் கெடுகிறதா என்று சொல்ல அந்தப் பழைய எண்கள்தான் வேண்டும். மாத்திரைச் சீட்டோடு ஒரே பையில் போட்டு வையுங்கள்.